கனிந்துபோன பழத்தை எறியலாமா?

காணியை விட்டு வந்த குடும்பத்துக்கு, இருக்கிற சிறு வளவில் நிற்கும் நாலு வாழையும் ஒரு பப்பாசியும் சிறிய சொத்தல்ல. ஆனால் பழம் நெல்லைப் போன்றதல்ல. நெல்லைக் காயவைத்து மூடையில் கட்டினால் அடுத்த போகம் வரை இருக்கும். பழமோ ஒருவருக்காகவும் காத்திருக்காது. ஒரே கிழமையில் எல்லாம் கனிந்துவிடும். வியாபாரி சொல்லும் விலைக்குக் கொடுக்கவேண்டும். அவர் வராவிட்டால் கண்முன்னே அழுகிப் போகும்.

வரிப்பத்தான்சேனை, இறக்காமம் பகுதிகளில் நெல்லே பிரதான தொழில். ஆனாலும் 1990ஆம் ஆண்டின் வன்செயல்களாலும், 2004 டிசம்பர் 26ஆம் திகதியின் கடல்கோளாலும் அம்பாறை மாவட்டத்தில் வயலையும் வீட்டையும் விட்டு வந்த எத்தனையோ குடும்பங்களுக்கு, கையளவு வளவே விவசாயமாகிப் போனது. அப்படியான வீடுகளில் வீணாகும் ஒரு சீப்பு வாழைப்பழமும் நட்டமே.

கனிந்துபோன பழம் வேறு, அழுகிய பழம் வேறு. முன்னையது இனிய உணவு. பின்னையது நோய்க்கு வழி. இவ்விரண்டையும் பிரித்தறிவது எப்படி, கனிந்ததை என்ன செய்யலாம் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

பழத்துக்குள் நடப்பது என்ன?

மரத்திலிருந்து பறித்த பின்னும் பழம் உயிருடன்தான் இருக்கிறது. அது மூச்சு விடுகிறது. தன்னுள் இருக்கும் சத்தைச் செலவழிக்கிறது. இதை முதலில் ஆழமாக ஆராய்ந்தது அப்பிள் பழத்தில்தான். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் கிட், வெஸ்ட் என்ற இரு ஆய்வாளர்கள் 1920களில் அப்பிள் பழங்களின் மூச்சை அளந்தார்கள். பழம் கனியத் தொடங்கும்போது அதன் மூச்சு திடீரென்று ஏறி உச்சத்தைத் தொட்டு, பின்பு இறங்குவதைக் கண்டார்கள். உச்சத்துக்குப் பிறகு பழம் முதுமையை நோக்கிப் போகிறது. வாழை, மா, பப்பாசி ஆகியவையும் இவ்வாறே கனிகின்றன.

1934இல் ரிச்சர்ட் கேன் என்பவர், கனியும் அப்பிளிலிருந்து எதிலீன் என்ற வாயு வெளிவருவதை நிறுவினார். கண்ணுக்குத் தெரியாத இந்த வாயுதான் 'கனி' என்று பழத்துக்குச் சொல்லும் கட்டளை. ஒரு பழத்திலிருந்து வரும் எதிலீன் பக்கத்துப் பழத்தையும் கனியச் செய்யும். நமது முன்னோர் குழி வெட்டி, வாழைக்குலையை இறக்கி, புகை போட்டுப் பழுக்க வைத்ததும் இதே காரணத்தால்தான். புகையில் எதிலீன் உண்டு. வாயுவின் பெயர் தெரியாவிட்டாலும் வேலை தெரிந்திருந்தது.

கனியும்போதும் அதற்கு மேலும் ஐந்து மாற்றங்கள் நடக்கின்றன.

ஒன்று, மாப்பொருள் சீனியாகிறது. பச்சை வாழைக்காயின் நிறையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு மாப்பொருள். நன்கு கனிந்தபின் அது நூற்றில் ஒன்று, இரண்டு பங்காகக் குறைந்து, அந்த இடத்தைச் சீனி பிடிக்கிறது. கறுப்புப் புள்ளி விழுந்த வாழைப்பழம் தித்திப்பது இதனால்தான். நீரிழிவு நோயாளர் அதிகம் கனிந்த பழத்தை அளவோடு உண்பது நல்லது.

இரண்டு, புளிப்புக் குறைகிறது. அமிலம் செலவாகிப் போவதால், மிகக் கனிந்த அப்பிளும் மாம்பழமும் சப்பென்று இனிக்கும்.

மூன்று, சதை இளகுகிறது. பழத்தின் சிறு அறைகளை ஒன்றோடொன்று ஒட்டிவைத்திருக்கும் பசை போன்ற பொருளுக்குப் பெக்டின் என்று பெயர். கனியக் கனிய அது கரைகிறது. அதிகம் கனிந்த அப்பிளைக் கடித்தால் சாறு வராமல் மாவு போல இருப்பதற்கும் இதுவே காரணம்: அறைகள் உடையாமல் ஒன்றைவிட்டு ஒன்று விலகிப் போகின்றன. ஜேம் இறுகுவதும் பெக்டினால்தான். ஆகவே மிகக் கனிந்த பழத்தில் மட்டும் செய்த ஜேம் இறுகாமல் ஓடும்.

நான்கு, நிறமும் மணமும் மாறுகின்றன. பச்சை நிறம் அழிந்து மஞ்சளும் சிவப்பும் தெரிகின்றன. மாம்பழத்திலும் பப்பாசியிலும் உடல் விற்றமின் ஏ ஆக மாற்றிக்கொள்ளும் கரோட்டீன் கூடுகிறது. வெட்டிய இடம் காற்றுப்பட்டுப் பழுப்பாவது கெட்டுப்போனதற்கு அடையாளமல்ல. தேசிக்காய்ப் புளி தடவினால் அது தாமதிக்கும்.

ஐந்து, காவல் தளர்கிறது. தோல் மெலிந்து, சதை இளகி, சீனி கூடிய பழத்தில் மதுவமும் பங்கசும் எளிதாகக் குடியேறும். மதுவம் சீனியை மதுசாரமாக்கும். கள் மணம் வருவது அதனால்தான். இதற்குப் பிறகு வருவது அழுகல்.

எதை வைப்பது, எதை எறிவது?

கூடையிலுள்ள பழங்களை மூன்றாகப் பிரியுங்கள்.

முதலாவது, நன்கு கனிந்தவை. தோலில் புள்ளி விழுந்திருக்கும், அமுக்கினால் குழியும், ஆனால் நல்ல மணம் இருக்கும். அன்றோ அடுத்த நாளோ அப்படியே உண்ணலாம்.

இரண்டாவது, அதிகம் கனிந்தவை. தோல் கறுத்திருக்கும், சதை கூழாகியிருக்கும், ஆனால் பூஞ்சணமும் கள் மணமும் இராது. இவை சமையலுக்கும் கூழுக்கும் ஏற்றவை. விழுந்து அடிபட்ட இடத்தை மட்டும் தாராளமாக வெட்டி நீக்கலாம்.

மூன்றாவது, கெட்டவை. பூஞ்சணம் பிடித்தவை, நுரை தள்ளுபவை, கள் அல்லது புளித்த மணம் வீசுபவை, புழு விழுந்தவை. இவற்றை மனிதர் உண்ணக்கூடாது.

அப்பிள் வாங்குவோர் ஒன்றைக் கவனிக்கவேண்டும். அப்பிள் இங்கே விளைவதில்லை. கப்பலில் வந்து கல்முனைக் கடைகளுக்கு வருகிறது. நோன்பு காலத்திலும் நோயாளியைப் பார்க்கப் போகும்போதும் வாங்குகிறோம். வாடியதை மலிவாகவும் கொடுப்பார்கள். வாடியதும் மாவானதும் குற்றமில்லை. ஆனால் நீலப் பூஞ்சணம் பிடித்து அழுகிய அப்பிளில் பற்றுலின் என்ற நஞ்சு உண்டாகலாம். சாதாரணமாகக் கொதிக்க வைப்பதால் அது முழுதும் அழியாது; அழுகலைச் சுற்றியுள்ள நல்ல சதைக்குள்ளும் ஊறியிருக்கும். ஆகவே அழுகிய அப்பிளை வெட்டி மிச்சத்தைப் பிள்ளைக்குக் கொடுக்கவேண்டாம், முழுவதையும் எறியுங்கள்.

அடுப்பு வேண்டாத வழிகள்

முகாமிலோ தற்காலிகக் கொட்டிலிலோ இருப்பவர்களுக்கு விறகும் பாத்திரமும் குறைவு. அவர்களுக்கு முதலில் இவை.

அதிகம் கனிந்த வாழைப்பழத்தை நன்கு கழுவிய கையாலும் கரண்டியாலும் மசித்து, ஆறு மாதம் கடந்த குழந்தைக்குத் தாய்ப்பாலோடு துணை உணவாகக் கொடுக்கலாம். சீனி சேர்க்கவேண்டியதில்லை. மசித்ததை மீதம் வைக்கவேண்டாம். பப்பாசியையும் மாம்பழத்தையும் பெரிய பிள்ளைகளுக்குத் தேங்காய்ப்பூவோடு கொடுங்கள். சிறிது கொழுப்புச் சேர்ந்தால்தான் கரோட்டீன் உடலில் நன்கு சேரும்.

விளாம்பழம் நம் பகுதியின் கொடை. ஆங்கிலத்தில் இதை 'மர அப்பிள்' என்று பொருள்படும் பெயரால் அழைப்பார்கள். முற்றியதா என்று அறிய ஓர் அடி உயரத்திலிருந்து கெட்டியான தரையில் போட்டுப் பாருங்கள். முற்றாதது துள்ளும், முற்றியது துள்ளாது. முற்றியதை இரண்டு கிழமை வரை வெயிலில் வைத்தால் உள்ளே பழுக்கும். ஓடு தடித்ததால் மற்றப் பழங்களைப்போல உடனே கெடாது. ஓடு வெடித்து உள்ளே பூஞ்சணம் கண்டதை மட்டும் எறியுங்கள். சதையைச் சுரண்டி, கொதித்தாறிய நீரில் கரைத்து, நார் போக வடித்து, தேங்காய்ப்பாலும் பனங்கட்டியும் சேர்த்தால் நோன்பு திறக்க நல்ல பானம்.

வெயிலும் கச்சான் காற்றும் உள்ள மாதங்களில் பழத்தைக் காயவைக்கலாம். பனாட்டுப் போடுவது நமக்குப் புதிதல்ல. மாம்பழத்திலும் பப்பாசியிலும் அதையே செய்யலாம். பழத்தைக் கழுவித் தோல் சீவி, மசித்து வடியுங்கள். பப்பாசியானால் கிலோவுக்கு 3 மேசைக்கரண்டி தேசிக்காய்ப் புளி சேருங்கள். எண்ணெய் தடவிய தட்டிலோ சுத்தமான பொலித்தீன் விரித்த பாயிலோ விரல் தடிப்புக்கும் குறைவாகப் பரவுங்கள். நிலத்தில் வைக்காமல் உயரமான பரணில் வைத்து, மெல்லிய துணியால் ஈ மொய்க்காதபடி மூடுங்கள். பொழுதுபட உள்ளே எடுங்கள். கையில் ஒட்டாமல் தோல் போல உரிந்து வந்தால் காய்ந்துவிட்டது. மாங்கூழில் பெரும்பகுதி நீரே. 10 கிலோ கூழில் ஏறத்தாழ 2 கிலோ தட்டுத்தான் மிஞ்சும். ஆனால் அந்த 2 கிலோவை இறுக்கமாக மூடிய டின்னில் மாதக்கணக்கில் வைக்கலாம். மாரி காலத்தில் இதைத் தொடங்கவேண்டாம். காயுமுன் பூஞ்சணம் பிடித்துவிடும்.

சிறிது விறகு இருந்தால்

தேநீர்க் கடைகளில் விற்கும் வாய்ப்பனுக்கு அதிகம் கனிந்த கதலிப்பழமே ஏற்றது. மசித்த பழம் 1 கோப்பை, கோதுமை மா 2 கோப்பை, சீனி 2 மேசைக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை. பழத்தில் உள்ள ஈரமே போதும். தேவையானால் மட்டும் சிறிது தண்ணீர் தெளித்துப் பிசையுங்கள். அரை மணி நேரம் மூடி வைத்து, உருட்டி எண்ணெயில் பொரியுங்கள். எண்ணெய் இல்லாதவர்கள் இதே கலவையை, பாதிக் கோதுமை மாவுக்குப் பதில் குரக்கன் மா சேர்த்து, ரொட்டியாகச் சுடலாம். பழத்தின் இனிப்பால் சீனிச் செலவு குறையும்.

மாவாகிப்போன அப்பிளைத் தோல் சீவி, விதை நீக்கி, சிறு துண்டுகளாக்கி, சிறிது தண்ணீரில் கறுவாத் துண்டோடு மூடி அவித்தால் கால் மணி நேரத்தில் கரைந்துவிடும். கறுவாவை எடுத்துவிட்டு மசித்துக் குழந்தைக்கும் நோயாளிக்கும் கொடுக்கலாம். நோன்புக் காலத்தில் மிஞ்சும் பழங்களுக்கு இது நல்ல வழி.

சீனி வாங்க முடிந்தால்: ஜேம்

ஜேம் செய்வதில் நாலு பொருள்கள் உண்டு: பழம், சீனி, அமிலம், பெக்டின். ஒன்று குறைந்தாலும் ஜேம் கெடும். கனிந்த பழத்தில் அமிலமும் பெக்டினும் குறைவு என்று மேலே பார்த்தோம். ஆகவே அவற்றை வெளியிலிருந்து சேர்க்கவேண்டும். அமிலத்துக்குத் தேசிக்காய். பெக்டினுக்கு, நாலில் ஒரு பங்கு அதிகம் கனியாத பழம், அல்லது கொய்யா, அல்லது விளாம்பழக் கூழ்.

பப்பாசி ஜேமுக்கு: பப்பாசிக் கூழ் 750 கிராம், கொய்யா அல்லது விளாம்பழக் கூழ் 250 கிராம், சீனி 750 கிராம், தேசிக்காய்ப் புளி 3 மேசைக்கரண்டி. கூழையும் புளியையும் முதலில் கொதிக்க விடுங்கள். சீனியைச் சேர்த்துக் கரைந்ததும், அடிப்பிடிக்காமல் கிண்டியபடி பெருந்தீயில் காய்ச்சுங்கள். ஒரு துளியைக் குளிர்ந்த தட்டில் விட்டு ஆறவிடுங்கள். விரலால் தள்ளினால் மேற்பரப்பு சுருங்கவேண்டும். அப்போது இறக்குங்கள். ஏறத்தாழ 1¼ கிலோ ஜேம் கிடைக்கும்.

போத்தல்களையும் மூடிகளையும் கழுவி, 15 நிமிடம் தண்ணீரில் கொதிக்க வைத்துக் கவிழ்த்து உலரவிடுங்கள். ஜேமைச் சூடாகவே நிரப்பி உடனே மூடுங்கள். ஈரக் கரண்டி போடவேண்டாம். செலவைக் குறைக்கச் சீனியைக் குறைப்பது தவறு. ஜேமைக் கெடாமல் காப்பது சீனிதான்.

முக்கிய எச்சரிக்கை: சீனியும் புளியும் சேராத பப்பாசிக் கூழையோ வாழைப்பழக் கூழையோ போத்தலில் அடைத்து வெளியே வைக்கவேண்டாம். காற்றில்லாத, புளிப்பில்லாத இடத்தில் வளரும் ஒருவகைப் பற்றீரியா உயிரைக் கொல்லும் நஞ்சை உண்டாக்கும். அதற்கு மணமோ நிறமோ தெரியாமலும் இருக்கலாம்.

வினாகிரி பற்றி

கனிந்த பழத்திலிருந்து வினாகிரி செய்யலாம் என்று பலர் கேட்கிறார்கள். அது இரண்டு கட்டமாக நடக்கிறது. முதலில் மதுவம் சீனியை மதுசாரமாக்கும். பின்பு காற்றுப்பட்டால் வேறு பற்றீரியாக்கள் அந்த மதுசாரத்தைப் புளிக்காடியாக்கும். இடையில் மதுசாரம் உண்டாவதால், முஸ்லிம் குடும்பங்கள் தங்கள் பள்ளிவாசல் மௌலவியிடம் கேட்டு முடிவுசெய்வது முறை. வீட்டில் செய்யும் வினாகிரியின் புளிப்பு எவ்வளவு என்று அளக்காமல் தெரியாது. எனவே அதை நம்பி அச்சாறு போட்டு நாட்கணக்கில் வைப்பது ஆபத்து.

கெட்டதையும் வீணாக்காதீர்கள்

அதிகம் கனிந்த பழத்தையும் தோலையும் ஆட்டுக்கும் மாட்டுக்கும் சிறிது சிறிதாகப் புல்லோடு கொடுக்கலாம். ஒரேயடியாக வாளிக்கணக்கில் கொடுத்தால் சீனி வயிற்றில் புளித்து மாடு நோய்ப்படும், சாகவும் கூடும். பூஞ்சணம் பிடித்ததைக் கோழிக்கும் போடக்கூடாது.

வாழைத்தோலில் பயிருக்கு வேண்டிய பொட்டாசியம் உண்டு. வைக்கோல், சாணம், இலைகளோடு சேர்த்துக் கூட்டெருவாக்கினால் மிளகாய்க்கும் கத்தரிக்கும் உதவும். ஆனால் புழு விழுந்த மாம்பழம், கொய்யா ஆகியவற்றைக் கூட்டெருவின் மேலே போடவேண்டாம். அந்தப் புழு பழ ஈயின் குஞ்சு. மண்ணுக்குள் இறங்கிக் கூட்டுப்புழுவாகி, ஈயாக வெளிவந்து, அடுத்த காய்ப்பை அழிக்கும். மரத்தடியில் விழுந்ததை நாளாந்தம் பொறுக்கி, இரண்டு அடி ஆழத்தில் புதையுங்கள். அல்லது பொலித்தீன் பையில் இறுகக் கட்டி, சில நாள் கடும் வெயிலில் போடுங்கள். அயல் வீடுகளும் சேர்ந்து செய்தால்தான் பயன் தெரியும்.

யானை வரும் ஊர்களில் இன்னொரு காரணமும் உண்டு. வாழையும் விளாம்பழமும் யானைக்கு விருப்பமானவை. கனிந்த பழத்தை இரவில் வீட்டுக்குள்ளோ வாசலிலோ குவித்து வைப்பது யானையை வீட்டுக்கு அழைப்பதாகும்.

கனிவதைத் தாமதப்படுத்த

எல்லாம் ஒரே நாளில் கனியாமல் பார்ப்பதே முதல் இலாபம். வாழைக்குலையைச் சீப்புச் சீப்பாகப் பிரித்து, இரண்டு மூன்று சீப்புகளை மட்டும் புகைக்கு வையுங்கள். மற்றவற்றை நிழலில், காற்றோட்டமான இடத்தில் தொங்கவிடுங்கள். அவை கனியுமுன் முந்தியது விற்றுவிடும். கனிந்ததைக் காயோடு வைக்கவேண்டாம். அப்பிளையும் மற்றப் பழங்களோடு சேர்க்கவேண்டாம். அடிபட்ட பழம் எதிலீனை அதிகம் விடும்; ஆகவே குலையை எறியாமல் இறக்குங்கள், சாக்கில் திணிக்காமல் வைக்கோல் போட்ட பெட்டியில் அடுக்குங்கள்.

பெரிய மண்பானைக்குள் சிறிய பானையை வைத்து, இடையில் மணலை நிரப்பி, மணலை நனைத்து, ஈரச் சாக்கால் மூடினால் உள்ளே குளிர்ச்சியாக இருக்கும். கச்சான் காலத்தில் இது நன்றாக வேலை செய்யும். மழைக்காலத்தில் பயன் குறைவு. வாழைப்பழத்தைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் தோல் கறுத்துவிடும். பழுக்கவைக்கக் கார்பைட் கல்லைப் பாவிக்கவேண்டாம். அதில் ஆசனிக் போன்ற நஞ்சுகள் கலந்திருக்கக்கூடும்.

சேர்ந்து செய்தால்

ஒரு குடும்பத்தின் இரண்டு சீப்பில் ஜேம் காய்ச்சினால் விறகுச் செலவே மிஞ்சும். ஐந்து ஆறு குடும்பத்துப் பெண்கள் சேர்ந்தால் ஒரே அடுப்பு, ஒரே பெரிய சட்டி, மொத்தமாக வாங்கிய சீனி என்று செலவு பங்காகும். முதலில் வீட்டுக்குச் செய்து பாருங்கள். ஒரு போத்தலைத் திகதி எழுதி மூன்று மாதம் வைத்துக் கெடுகிறதா என்று பாருங்கள். அதன் பின்பே விற்பனையை நினையுங்கள். விற்பதானால் பொருளின் பெயர், நிறை, செய்த திகதி, காலாவதித் திகதி, முகவரி ஆகியவற்றை எழுதி ஒட்டவேண்டும். சட்ட விபரங்களைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கள். பயிற்சிக்கு உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரையும் கமநல சேவை நிலையத்தையும் அணுகலாம். அனுராதபுரத்தில் அறுவடைக்குப் பிந்திய தொழில்நுட்பத்துக்கென அரச நிறுவகம் ஒன்றும் உண்டு.

ஐயாயிரம் பேர் உண்டபின் எஞ்சிய துண்டுகளைப் பன்னிரண்டு கூடைகளில் சேர்த்ததை யோவான் நற்செய்தி சொல்கிறது. வீண்விரயத்தை இஸ்லாமும் கண்டிக்கிறது. இழந்த காணி எப்போது கிடைக்கும் என்பது நம் கையில் மட்டும் இல்லை. அதற்கான கோரிக்கையை விட்டுவிடவும் கூடாது. ஆனால் இன்று வளவில் கனிந்திருக்கும் பழம் நம் கையில் இருக்கிறது. இந்தக் கிழமை ஒருமுறை கூடையை மூன்றாகப் பிரித்துப் பாருங்கள். எறிய நினைத்ததில் எவ்வளவு உணவு என்பது அப்போது தெரியும்.